எழுபது பவுண்டுப் புகை

ராய் அந்தப் பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தபோது அவன் மனைவி கிளெண்டா நாடகத்துக்கான டிராகன் வேடத்தின் பச்சை வாலைத் தைத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் உள்ளங்கையை நிறைக்கும் ஓர் உலோகக் கட்டை, ஆவி விடும் மின்சிகரெட். விலை எழுபது பவுண்டு.

"எழுபதா? காப்பியும் போட்டுக் குடுக்குமா இது?"

"சிகரெட்ட விடுன்னு நச்சரிச்சது யாரு? மலிவு வேப் எல்லாம் வாங்கின வாரமே ஒழுகுது. இதுல பேட்டரி ரெண்டு நாள் நிக்குமாம். கடைக்காரப் பொண்ணு அடிச்சுச் சொன்னா."

"விக்கிறவ வேற எப்படிச் சொல்லுவா? திருப்பிக் குடுத்துட்டு வா."

"வாய் வச்சத வாங்க மாட்டாங்களாம்."

"அதுக்குள்ள வச்சிட்டியா!"

ராய் இதற்கு முன்பும் சிகரெட்டை விட்டவன்தான். தோளில் நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கொண்டான், நிக்கோட்டின் சூயிங்கம் மென்றான். ஒவ்வொரு தடவையும் ஊர் மன்றத்தின் கிறிஸ்துமஸ் நாடகத்தோடு எல்லாம் மண்ணாகிவிடும். நாடகத்தில் அவன் டிராகனின் தலையும் முன்கால்களும். பின்கால்கள் அவன் நண்பன் நெவில். மேடை ஏறும் முன் ராய் பின்வாசலுக்கு நழுவுவான். அங்கே நெவில் ஒரு சிகரெட்டை நீட்டுவான். அவ்வளவுதான், மறுநாள் காலை ராயின் சட்டைப்பையில் முழுப் பாக்கெட் இருக்கும். இந்த இலையுதிர்காலத்தில் டாக்டர் அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அவனைப் பார்க்காமல் கிளெண்டாவைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளோடு வீட்டுக்கே வந்துவிட்டது. அதனால் எழுபது பவுண்டைப் பற்றி அவள் போட்ட சத்தத்தில் பாதி வெறும் சத்தம்தான்.

ஆனாலும் அந்தக் கட்டையை அவள் சும்மா விடவில்லை. திரைச்சீலையெல்லாம் ஸ்ட்ராபெரி ஜாம் நாற்றம் என்றாள். ரெண்டு நாள் நிற்கும் என்ற பேட்டரி ஒரே நாளில் படுத்துவிட்டதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, சுவரில் மாட்டிய கல்யாணப் படத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்குகிறவன், இப்போதெல்லாம் படத்தைப் பார்ப்பதே இல்லை.

நாடகத்தன்று மன்றம் நிறைந்திருந்தது. வாடகைக்கு எடுத்த புகை இயந்திரம் இருமிவிட்டு அடங்கிப்போனது. டிராகன் புகையில்லாமலே மேடைக்கு வந்தது. "இது பசுமாடு!" என்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கத்த, சபையே சிரித்தது. திரை ஓரத்தில் நின்ற கிளெண்டாவுக்கு உடம்பு கூசியது. அப்போது டிராகனின் தலை கொஞ்சம் தாழ்ந்தது. உள்ளே ஏதோ 'டிக்' என்றது. இரண்டு நாசியிலிருந்தும் வெள்ளைப் புகை பொங்கி முன்வரிசைவரை உருண்டது. ஸ்ட்ராபெரி வாசம். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி அலறினார்கள். ராயும் விடுவதாக இல்லை. மூன்றாவது மேகம் கூரையைத் தொட்டதும் தீ எச்சரிக்கை மணி காதைக் கிழித்தது.

மணியை நிறுத்தும்வரை எல்லோரும் வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. நல்ல உறைபனி. டிராகனைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். "புகை விடு! இன்னொரு தடவ!"

ராய் டிராகன் தலையைத் தூக்கி முகத்தைக் காட்டினான். வேர்வை வழிந்தது. "போச்சு. பேட்டரி படுத்துடுச்சு."

"எழுபது பவுண்டு!" என்றாள் கிளெண்டா.

வாலுக்குள்ளிருந்து நெளிந்து வெளியே வந்த நெவில், ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து நீட்டினான். "இந்தா, இத வச்சு விடுப்பா. பசங்க ஏமாந்துடப் போறாங்க."

ராய் அந்தச் சிவந்த நுனியைப் பார்த்தான். திட்டுவதென்றால் கிளெண்டாவிடம் ஆயிரம் சொல் இருந்தது. கெஞ்சுவதற்குத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

"நீயே குடி, நெவில்" என்றான் ராய். தலையைத் திரும்ப மாட்டிக்கொண்டான். உள்ளே நெஞ்சு நிறைய, நிதானமாக, நெடுநேரம் மூச்சை இழுக்கும் ஓசை கேட்டது. இருமல் வரும் என்று கிளெண்டா காத்திருந்தாள். வரவில்லை. டிராகன் முழுப் பலத்தோடு ஊதியது. உறைபனிக் குளிரில் நாசிகளிலிருந்து நீளமாக, வெள்ளையாக மூச்சின் ஆவி கிளம்பி, தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சுருண்டது.

பசுமாடு என்று கத்திய சிறுமி அதை வாய்பிளந்து பார்த்தாள். பிறகு தானும் கன்னத்தை உப்பி ஊதினாள். அவள் வாயிலிருந்தும் ஆவி வந்தது. பக்கத்துப் பையன் ஊதினான், அவன் அம்மா ஊதினாள். வண்டி நிறுத்துமிடம் முழுக்கச் சின்னதும் பெரியதுமாக டிராகன்கள் சீறிக்கொண்டிருக்க, கிளெண்டா வாயை மூடியிருந்த கழுத்துத் துணியை இறக்கிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்தாள்.