காதுமெஷினில் கோளாறு இல்லை

கள்ளிக்குப்பத்தில் ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் என்றால் தங்கவேல்தான். முன்னறையில் கடை, பின்னால் வீடு. ஒரு வாரமாக அவருக்குப் பிடிபடாமல் இருந்தது மனைவி அனுசுயாவின் காதுமெஷின் ஒன்றுதான்.

ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குக் காது மந்தமாகி வந்தது. போன வாரம் வாங்கிய மெஷினை மாட்டியும், சத்தம் எல்லாம் பெரிதாகக் கேட்கிறது, பேச்சு மட்டும் புரியவில்லை என்றாள். நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம், பால்வாடி ஆயா வேலையையும் விட்டுவிடலாம் என்று காலையில் சொன்னாள். பிள்ளைகள் சொல்வது புரியாமல் ஒருத்தி எப்படி ஆயாவாக இருப்பது? அந்த வேலையை அவள் எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தெரியும். மனசு கேட்கவில்லை. கம்பெனிக்காரன் நம் தலையில் ஓட்டைச் சாமானைக் கட்டிவிட்டான் என்று முடிவுகட்டி, மத்தியானம் மெஷினை வாங்கி மேஜையில் வைத்தார்.

அதில் ஒலி வெளிவரும் வாயில் ஒரு சின்ன மைக்கைப் பொருத்தி, ஒலியைத் திரையில் அலையாகக் காட்டும் ஸ்கோப்பில் இணைத்தார். மெல்லிய ஒலி கொடுத்தபோது திரையில் அலை அழகாக ஏறி இறங்கியது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போனதும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டது. அது கோளாறில்லை. எந்த ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் திணித்தால் உருவம் சிதையும். அது தானாக எதையும் உண்டாக்குவதுமில்லை. உள்ளே வருவதைத்தான் பெரிதாக்கும், இரைச்சல் வந்தால் இரைச்சலையும் சேர்த்து.

சரி, பேச்சையே கொடுத்துப் பார்ப்போம் என்று, வழக்கம்போல் உரக்கக் குரல் கொடுத்தார். "அனுசுயா, சோறு வை!"

அலை மேலும் கீழும் மொட்டையானது. சிதைந்த அந்த அலைக்கு இடையே மின்விசிறியின் இரைச்சல் வேறு. தங்கவேல் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். செட்டைத் திறக்கும் முன் உள்ளே வரும் இன்புட்டைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், இந்த வீட்டில் இன்புட் யார் என்று யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

உள்ளே அனுசுயா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விசிறியை நிறுத்திவிட்டு, மெஷினை அவள் காதில் மாட்டி, எதிரே உட்கார்ந்தார். சாதாரணக் குரலில் சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் கீது. நான் பேசுறதுதான் சரியில்ல. கேக்குதா?"

அவள் கை நின்றது. "கேக்குது." கீரையைக் கீழே வைத்தாள். "கோவம் இல்லாம நீ பேசி எத்தினி வருசம் ஆச்சு."

"கோவமா? உனுக்குக் கேக்கலைன்னுதானே கத்துனேன்."

"அது எனுக்கு எப்பிடித் தெரியும்?"

நாளைக்குப் பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் கூப்பிட்டுப் பேசவைத்துப் பார்க்கிறேன் என்றாள் அவள். அப்புறம், "இன்னும் எதுனா பேசு" என்றாள்.

என்ன பேசுவது? சோறு, தண்ணி, கதவைச் சாத்து என்பதைத் தவிர ஆறு வருடமாக ஒன்றும் பேசியதில்லை. பால்வாடியில் பிள்ளைகளின் பேரெல்லாம் என்னவென்று கேட்டார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.