ஊதா ஏரியலுக்கு

ஓடுகிற காரிலிருந்து யாரும் கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாது. பெரியவளின் திட்டம் முழுக்க இந்த ஒரே ஒரு உண்மையின் மேல்தான் நின்றது.

வீட்டில் ரேடியோ இல்லாமல் இல்லை. சமையலறை அலமாரியின் மேல் ஒன்று இருக்கிறது, நன்றாகவே பாடும். ஆனால் அதில் தங்கை சின்னவள் பேசப்போகிறாள் என்று தெரிந்தால் போதும், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். ஆசிரியர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வானொலி நிலையத்தில் சேரப்போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "வாயை வச்சுப் பிழைக்கிறதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று அப்பா கேட்டார். அவளும் சும்மா இருந்திருக்கலாம். "நீங்க ஹாரனை வச்சுப் பிழைச்சீங்க, நான் வாயை வச்சுப் பிழைச்சுக்கிறேன்" என்றாள். வாழ்நாளெல்லாம் டவுன் பஸ் ஓட்டிய மனிதரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மறுவாரமே அவள் தோழியோடு ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சின்ன வயதில் அவளுக்கு 'லொடலொடா' என்று செல்லப்பெயர் வைத்ததே அப்பாதான். இப்போது அந்தப் பெயரைக்கூட அவர் சொல்வதில்லை.

இன்றைக்கு அவளுக்கு முதல் நேரலை. மாலை ஐந்து மணிக்கு, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்காக, பாட்டுகளுக்கு நடுவே சாலை நிலவரம் சொல்லப்போகிறாள். சின்ன நிலையம், காற்றில் மட்டும்தான் வரும், போனில் எல்லாம் கிடைக்காது.

"ஊரே கேட்காட்டியும் பரவாயில்லைக்கா. அப்பா கேட்டாப் போதும்" என்று முந்தின நாள் போனில் சொன்னாள். "முதல் நாளே கேட்கலைன்னா அவரு அப்புறம் எப்பவுமே கேட்க மாட்டாரு. உனக்குத் தெரியாதா அவரை?"

பெரியவளுக்குத் தெரியும். ஒரு காரியத்தை ஒரு தடவை செய்யாமல் விட்டால் அதையே கொள்கையாக்கிக்கொள்கிறவர் அப்பா. "கேட்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தாள். அப்பாவின் புது மூக்குக்கண்ணாடி தயாராகிவிட்டது, கடை ஊரின் மறுகோடியில் இருந்தது. போய் வாங்கிவர ஐந்து மணிக்கு மேல் வருவதாக அவளே கடைக்காரரிடம் பேசி வைத்தாள். சமையலறை ரேடியோவைக் காருக்குள் வைத்துப் பார்த்தாள். எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரிந்ததே தவிர ஒரு வார்த்தை வரவில்லை. ஆக, வண்டியிலேயே ரேடியோ இருந்தாக வேண்டும்.

வண்டியில் இருந்தது ஓட்டைதான். பழைய கார். பழைய ரேடியோ செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. லாரி ஓட்டும் அவள் கணவர் புது ஸ்டீரியோ ஒன்றை வாங்கி, செத்ததைக் கழற்றி, வண்டிப் பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, டேப் துண்டில் பெயர் எழுதி ஒட்டி, மறுநாள் மாட்டிவிடுகிறேன் என்று சொன்ன அன்று ராத்திரியே லோடு வந்து கிளம்பிப் போய்விட்டார். அவர் செய்யும் வேலையெல்லாம் முக்கால்வாசி முடிந்திருக்கும். மிச்சக் கால்வாசிக்குத்தான் கல்யாணம் செய்துகொண்டாரோ என்று பெரியவளுக்கு அவ்வப்போது சந்தேகம் வரும்.

காலையில் போனில் பிடித்தாள்.

"நான் வந்து மாட்டுறேனே, என்ன அவசரம்?"

"நீங்க வர்ற வரைக்கும் நேரலை காத்திருக்காது. நிறத்தைச் சொல்லுங்க, நான் மாட்டுறேன்."

நிறம் விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. துணி திருத்தித் தரும் கடை வைத்திருக்கிறாள். ஒரே கறுப்பில் எத்தனை கறுப்பு உண்டு என்று கேட்டால் நூல் கண்டுகளை எடுத்துப்போட்டுக் காட்டுவாள். அவருக்கும் அது தெரியும். லாரி இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னார்.

"முதல்ல பேட்டரி எர்த்தைக் கழட்டிடு. அப்புறம் மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு. இது ரெண்டையும் மாத்தினா ஒவ்வொரு தடவை வண்டியை நிறுத்தும்போதும் ரேடியோ எல்லாத்தையும் மறந்துடும். கறுப்பு எர்த்து. ஊதா ஏரியலுக்கு. அதை மறக்காதே, அது இல்லைன்னா பின்னாடி இருக்கிற ஏரியல் கம்பி எழும்பாது, இரைச்சல்தான் வரும். ஸ்பீக்கருக்கு ஜோடி ஜோடியா வரும். வெள்ளை முன்னாடி இடது, சாம்பல் முன்னாடி வலது, பச்சை பின்னாடி இடது, மிச்சம் இருக்கிறது பின்னாடி வலது. தப்பா மாட்டினா புகைதான் வரும், பாட்டு வராது. இனி மலைப்பாதை, போன் கிடைக்காது. வைக்கிறேன்."

மதியம் கடையைச் சாத்திவிட்டு, வீட்டுக்குப் பின்னால் நின்ற வண்டிக்குள் புகுந்தாள். கொடியில் அவருடைய வேலைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் முன்கண்ணாடியில் கோடு போட்டது. வயர் சீவும் கருவியை லாரிக்காரர் லாரியிலேயே கொண்டுபோய்விட்டார். அதனால் பெரியவள் தன் நல்ல கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். துணியைத் தவிர ஒரு காகிதத்தைக்கூட அது தொட்டதில்லை. யாராவது அதை எடுத்து நூல் பிரிக்கப்போனாலே வீடு இரண்டாகும். வயரின் தோலை அதன் நுனியில் வைத்து நறுக்கியபோது அவளுக்கே பொறுக்கவில்லை. ஆனால் நிறுத்தவில்லை.

மஞ்சள், சிவப்பு, கறுப்பு முடிந்தது. முறுக்கி, டேப் சுற்றி, இழுத்துப் பார்த்தாள். ஊதாவை எடுத்தாள், கத்தரிக்காய் நிறத்தில் பளபளவென்று இருந்தது. 'ஏரியல்' என்று எழுதிய வயரோடு சேர்த்தாள். வெள்ளைக்கு ஜோடி கறுப்புக் கோடு போட்ட வெள்ளை. சாம்பலுக்கும் பச்சைக்கும் அப்படியே. மிச்சம் நின்றது நீலம் ஒன்று, கறுப்புக் கோடு போட்ட ஊதா ஒன்று. இது என்ன ஜோடி என்று ஒரு நிமிஷம் முறைத்தாள். செய்தவனுக்கு நீலம் தீர்ந்துபோயிருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டையும் பின் வலது ஸ்பீக்கருக்குக் கொடுத்தாள்.

பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினாள். ஸ்டீரியோவில் வெளிச்சம் வந்தது. பின்னால் வலது பக்கம் 'டுப்' என்று ஒரு சத்தம். வெளிச்சம் போய்விட்டது.

ஏரியல் தலையைக்கூட நீட்டவில்லை.

மறுபடி திருப்பினாள். அதே வெளிச்சம், அதே 'டுப்', அதே இருட்டு. போன் போட்டாள், லாரி மலையில் இருந்தது. உள்ளே அப்பா குளித்து முடிக்கும் சத்தம் கேட்டது. பஸ்காரர். நேரத்துக்கு முன்னாலேயே தயாராகிவிடுவார், நேரம் வந்தால் யாருக்கும் காத்திருக்கமாட்டார்.

பெரியவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பேட்டரியைக் கழற்றினாள். அழுகிறதற்காக வேலையை நிறுத்துகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி ஜோடியில் வந்து நின்றாள். நீலமும் ஊதாக்கோடும். வெள்ளையோடு வெள்ளை, சாம்பலோடு சாம்பல், பச்சையோடு பச்சை என்று மூன்று ஜோடியை ஒழுங்காகச் செய்தவன் நாலாவதில் மட்டும் ஏன் கோணலாகச் செய்வான்? ஒரு சட்டைக்கு ஒரு கை நீலம், ஒரு கை ஊதாவென்று எந்தத் தையல்காரனும் வைக்கமாட்டான். கோடு போட்ட ஊதாவுக்கு ஜோடி வெறும் ஊதாதான். அப்படியானால் ஏரியலுக்கு என்று அவள் கணவர் எதைச் சொன்னார்?

முன்கண்ணாடியில் இன்னொரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கொடியில் அவருடைய சட்டை. வானத்து நீலத்தில்.

கல்யாணமான புதிதில் "அந்த ஊதாச் சட்டையை எடு" என்றார். அவள் அலமாரியையே தலைகீழாக்கினாள், கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட அகப்படவில்லை. கடைசியில் அவரே வந்து நீலச் சட்டையை உருவி, "இதோ, கண்ணு முன்னாடி இருக்கு" என்றார். அவர்கள் வீட்டில் நீலம் என்ற பேச்சே கிடையாது. வானம் ஊதா, மை ஊதா, சட்டை ஊதா. அதற்காக ஒரு வாரம் சண்டை போட்டிருக்கிறாள்.

"அட பாவி மனுஷா!" என்று சட்டையைப் பார்த்துக் கத்தினாள். "நூல்கண்டு மாதிரி நம்பர் சொல்லியிருக்கக் கூடாதா?"

ஏரியலிலிருந்து ஊதாவைப் பிரித்தாள், நீலத்தைப் பின் ஸ்பீக்கரிலிருந்து பிரித்து ஏரியலுக்குக் கொடுத்தாள். விரல் நுனியில் செம்புக் கம்பி குத்தி ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. ஊதா ஜோடியை வலது ஸ்பீக்கரோடு சேர்க்கக் கத்தரிக்கோலை எடுத்தபோது காரின் பின்கதவு திறந்து மூடியது. அப்பா வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பின்சீட்டு, வலது ஓரம். அதுதான் அவர் இடம். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தால் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். அதனால் குடும்பமே கூடிப் பேசிப் பின்னால் அனுப்பிவைத்திருந்தது.

"நேரமாச்சு. எடு வண்டியை."

"ஒரே ஒரு வயருப்பா..."

"கிளம்புற நேரத்துல என்ன வயரு?"

நேரம் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். மூன்று ஸ்பீக்கர் போதும் என்று முடிவுசெய்து, ஊதா ஜோடி ஒன்றோடொன்று தொடாமல் தனித்தனியாக டேப் சுற்றி உள்ளே தள்ளினாள். பேட்டரியை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். வெளிச்சம் வந்தது. நின்றது. பின்னாலிருந்து 'கிர்' என்று ஒரு மோட்டார் முனகியது.

"பின்னாடி என்னமோ வளருது" என்றார் அப்பா, திரும்பிப் பார்த்து.

"ஏரியல்பா."

"எதுக்கு?"

"சும்மாதான்."

சின்னவளின் நிலையத்தைத் தேடி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். தெருவைத் தாண்டியதும் வழக்கம்போல உத்தரவு வந்தது. "பாலத்து வழியாப் போ. பால்பண்ணை ரோட்டுப் பக்கம் திரும்பிடாதே. அது மாடு போற ரோடு." அவர் ஓட்டிய பஸ் கடைசிவரை பாலத்தின் மேல்தான் போனது. வேறு வழி என்று யார் சொன்னாலும் அது அவருக்கு அவமரியாதை.

ஒரு பாட்டு முடிந்தது. ஐந்து மணி அடித்தது. ஒரு சின்னக் கனைப்பு, பிறகு குரல்.

சின்னவள் வணக்கம் சொன்னாள், தன் பெயரைச் சொன்னாள், மாலை நேரச் சாலை நிலவரம் என்றாள். கொஞ்சம் நடுங்கியது, ஆனால் அவள்தான். பெரியவளுக்குக் கண் கலங்கிச் சாலை மங்கியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாள். அவர் முதுகு நிமிர்ந்து, முகம் கல்லாகியிருந்தது.

"வண்டியை நிறுத்து."

"நிறுத்த மாட்டேன்."

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

"நடுவழியில நீங்க யாருக்காவது நிறுத்தியிருக்கீங்களா? ஸ்டாப் வரட்டும், இறங்கிக்கலாம்." குரல் நடுங்கினாலும் கால் ஆக்ஸிலரேட்டரை விடவில்லை. "உங்க பொண்ணு பேசுறாப்பா. இன்னைக்கு ஒரு நாள் கேட்டுட்டுப் போங்க. கேட்டுட்டு, நாளையிலிருந்து எவ்வளவு வேணும்னாலும் கோவிச்சுக்கோங்க."

"என்னத்தைடி கேட்கிறது?" அப்பா முன்சீட்டின் முதுகில் ஓங்கித் தட்டினார். "என் பக்கம் சத்தமே வரலை! என்ன சொல்றாள்னே புரியலை!"

வருஷக்கணக்கில் பக்கத்திலேயே ஓடிய பஸ் எஞ்சின் சத்தம் கேட்டே அப்பாவின் இடது காது போய்விட்டது. மிச்சம் இருப்பது வலது காது. பின் வலது ஸ்பீக்கரின் வயரைத்தான் அவள் டேப் சுற்றி உள்ளே தள்ளியிருந்தாள்.

வண்டியை ஓரம் கட்டினாள். "ஒரு நிமிஷம்பா, அந்த வயரைச் சேர்த்துத் தர்றேன்."

"நீ சேர்க்கிற வரைக்கும் அவ பேசிக்கிட்டே இருப்பாளா?"

கதவைத் திறந்து இறங்கினார். போய்விடுவாரோ என்று ஒரு நொடி அவளுக்குப் பகீரென்றது. அப்பா முன்கதவைத் திறந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்தினார். பிறகு உடம்பை முழுக்கத் திருப்பிக் குனிந்து, வலது காதை இடது பக்கக் கதவிலிருந்த ஸ்பீக்கரோடு வைத்துக்கொண்டார். அந்த வயதில் அப்படி வளைந்து உட்காருவது சுலபமல்ல.

"ம். போ. பள்ளத்துல விடாதே, வார்த்தை போயிடும்."

அவள் மெதுவாக ஓட்டினாள். அப்பாவின் கால், இல்லாத பிரேக்கைத் தேடவே இல்லை. சின்னவளின் குரல் இப்போது நிதானத்துக்கு வந்திருந்தது. மார்க்கெட் சந்திப்பில் கூட்டம், நின்று போகவும் என்றாள். மருத்துவமனைச் சாலை சீராக இருக்கிறது என்றாள். "பாலத்துச் சாலையில் சரக்கு வண்டி ஒன்று அச்சு முறிந்து நிற்கிறது. அந்த வழியாகச் செல்பவர்கள் பால்பண்ணைச் சாலையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்றாள்.

அதற்குள் கார் முச்சந்திக்கு வந்துவிட்டது. நேரே போனால் பாலம், வலது பக்கம் பால்பண்ணை. தூரத்தில் பாலம் காலியாகத்தான் இருப்பதுபோலத் தெரிந்தது. பெரியவள் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

அவர் கதவிலிருந்து காதை எடுக்கவில்லை.

"என்னடி முழிக்கிற?" என்றார். "லொடலொடாதான் சொல்றாளே. திருப்பு."