ஒன்றாந் திகதி வரட்டும்

அண்மையில் அம்மா நெஞ்சுவலி என்று ஏதாவது சொன்னாரா என்று பொலிஸ்காரப் பெண் ஆங்கிலத்தில் கேட்டதும், மேர்வின் தகப்பனின் முகத்தைப் பார்த்தான். செபமாலைமுத்து பார்வையை எடுத்துச் சுவரில் போட்டார்.

இல்லை, நன்றாகத்தான் இருந்தார் என்றான் மேர்வின்.

அவள் எழுதிக்கொண்டாள். வீட்டில் திடீரென்று ஆள் போனால் பொலிஸ் வருவது இந்த நாட்டு வழக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்று அம்புலன்ஸ்காரர் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். செபமாலைமுத்து நம்பவில்லை. சீருடை போட்டவனிடம் உள்ளதைச் சொல்லி நன்மை கண்ட ஒருவரையும் அவர் மன்னாரிலும் காணவில்லை, லண்டனில் கோலியர்ஸ் வுட்டிலும் காணவில்லை.

அடுத்த அறையில் அவர் மனைவி கிளறிற்றா தரையில் கிடந்தாள். நெஞ்சை அமுக்கிப் பார்க்கக் கட்டிலிலிருந்து இறக்கியவர்கள் அப்படியே போர்த்துவிட்டிருந்தார்கள்.

இன்சூரன்ஸ் கதையைத் தொடக்கியவன் மேர்வின்தான். தகப்பனின் முழங்காலுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி வரிசை நகர்கிற மாதிரி இல்லை என்று, பெற்றவர் இருவருக்கும் தன் சம்பளத்தில் பிரைவேற் இன்சூரன்ஸ் எடுத்தான். அடுத்த மாதம் ஒன்றாந் திகதியிலிருந்துதான் செல்லும். அதற்கு முன்னமே இருந்த நோய் வருத்தத்துக்குக் கொம்பனி ஒரு சதமும் தராது. இதை அவன் விளங்கப்படுத்திய அதே கிழமை, கிளறிற்றா கடைக்குப் போய்விட்டுப் படியேறி வந்து, நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

டொக்டருக்கு அடிக்க மேர்வின் போனை எடுத்தான். பறித்து வைத்தவர் செபமாலைமுத்து.

“இப்ப போனால் கொம்பியூட்டரில எழுதிப்போடுவாங்கள். பிறகு கொம்பனிக்காரன் பழைய வருத்தமெண்டு கையை விரிப்பான். ஒன்றாந் திகதி வரட்டும்.”

“அதுவும் சரிதானப்பா,” என்றாள் கிளறிற்றா. “இது வாய்வாத்தான் இருக்கும்.”

அரசாங்கத்தை அவர் நம்பவில்லை, அது இழுத்தடிக்கும். கொம்பனியையும் நம்பவில்லை, அது ஏமாற்றும். இரண்டு பேரையும் ஏய்த்துவிடலாம் என்று தன் மூளையை நம்பினார். நம்பக்கூடாத சாமான் அதுதான்.

ஒன்றாந் திகதி வர முன்னமே அவள் போய்விட்டாள். அன்று பின்னேரம் உடலை எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் டொக்டரைக் கண்டு கனகாலம் ஆனபடியால் அநேகமாக வெட்டிப் பார்த்துத்தான் தருவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து, அவளை வெட்டத்தான் வேணுமோ என்று மேர்வினைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

மகள் டிலக்சனா உடலை எடுக்க முன்னமே வால்தம்ஸ்டோவிலிருந்து வந்து, தாயை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனவள். அழவில்லை. கோப்பைகளைக் கழுவிக்கொண்டே நின்றாள். செபமாலைமுத்து அந்தப் பக்கமே போகவில்லை. அவளுக்கு இது தெரிந்தால் இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டாள் என்று அவருக்குப் பட்டது.

சனம் வந்து வரவேற்பறையில் நிறைந்தது. ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருக்கும் கிறிஸ்துநாயகம், இருந்ததும் இராததுமாகத் தொடங்கினார்.

“எல்லாம் இந்தக் கவுண்மேந்தால வந்த வினை. வைத்தியத்தைச் சும்மா குடுத்தால் இப்பிடித்தான். சனம் காசு கட்டோணும், இன்சூரன்ஸ் முறை வரோணும். அப்பதான் உடன பாப்பாங்கள்.”

“உங்கட நெஞ்சைப் பிளந்து தைச்சவங்களுக்கு எவ்வளவு கட்டினீங்கள் அண்ணை?” என்றாள் மரியமலர். ஆஸ்பத்திரி வார்டுகளில் துப்புரவு வேலை செய்தவள். வாயை மடித்து வைக்கத் தெரியாது.

“அது அந்தக் காலம், பிள்ளை.”

“போன வருசம் உங்களுக்கு அந்தக் காலமே? நீங்கள் சொல்லுற இன்சூரன்ஸ் முறை வந்தால் உங்கட ஓட்டை நெஞ்சை எந்தக் கொம்பனி எடுப்பான்?”

இரண்டு பேர் சிரிப்பை விழுங்கினார்கள். கிறிஸ்துநாயகத்துக்கு முகம் சிவந்தது.

“என்ன வேணுமெண்டாலும் சொல்லு. இந்த வீட்டில பிரைவேற் இருந்திருந்தால் கிளறிற்றா இப்ப எங்களுக்குத் தேத்தண்ணி தந்துகொண்டு நிண்டிருப்பா. என்ன, முத்தண்ணை?”

மேர்வின் குனிந்துகொண்டான்.

“பிரைவேற் எடுத்தனாங்கள்,” என்றார் செபமாலைமுத்து.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“அதுக்காகத்தான் அவளை டொக்டரிட்ட விடேல்லை. பெடியன் போனை எடுத்தவன். நான்தான் பறிச்சனான்.”

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு டிலக்சனா வாசலில் வந்து நின்றாள். கத்துவாள் என்று பார்த்தார். கத்தியிருந்தால் நல்லது.

“இஞ்ச வாங்கோ அப்பா.”

அவர் குசினிக்குள் போனார். மேர்வினும் பின்னால் வந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

“எனக்குத் தெரியும்.”

“ஆர் சொன்னது?”

“அம்மாதான், போனில. நான் வந்து எமேர்ஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போறன், அதுக்கு இன்சூரன்ஸும் தேவையில்லை, ஒரு கோதாரியும் தேவையில்லை எண்டனான். ‘அப்பாவுக்குத் தெரிஞ்சால் மனம் நோகும், ஒன்றாந் திகதி மட்டும் பொறு’ எண்டவா.” காய்ந்துபோன கையைத் துவாயில் திரும்பவும் துடைத்தாள். “நானும் ஓமெண்டிட்டன். பிரைவேற்றில ஸ்கான் கெதியாக் கிடைக்கும் எண்டு நானும் நினைச்சிட்டன் அப்பா.”

செபமாலைமுத்து கதிரையைத் தடவிப் பிடித்து இருந்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

“அந்தப் பொலிஸ் பிள்ளைக்கு எடு. நெஞ்சு நொந்ததெண்டு சொல்லு.”

“இனி என்னத்துக்கு அப்பா?”

“அவளை வெட்ட முன்னம் சொல்லு.”

“சொன்னாலும் வெட்டாமல் விடமாட்டாங்கள்.”

“விடாட்டியும் சொல்லு.”

மேர்வின் போனைக் கையில் எடுத்தான். எடுத்தபடியே நின்றான்.

வரவேற்பறையில் மரியமலர் செபமாலையைத் தொடங்கிவிட்டாள். அருள்நிறைந்த மரியே செபத்தின் முதற் பாதியைச் சொல்லி நிறுத்தினாள். மிச்சப் பாதியை வீட்டுக்காரர் தொடங்கட்டும் என்று சனம் காத்திருந்தது. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் ஆளையாள் பார்க்கவில்லை. கடைசியில் கிறிஸ்துநாயகத்தின் குரல் மட்டும், தனியே, மிச்சப் பாதியைச் சொல்லி மெல்ல எழுந்தது.