மௌன மனிதர்

தடை செய்யச் சொல்லி ஆளுங்கட்சியும், காட்டியே தீர வேண்டும் என்று எதிர்க்கட்சியும் சண்டை போட்ட அந்த ஆவணப்படத்தை 1989 கோடையில் ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் திரையிட்டார்கள். 'படமெடுத்தவர்கள் எதைச் சொல்லிவிடப் போகிறார்கள்' என்ற நினைப்போடுதான் மாரமங்கலம் பொன்னுவேல் பஸ் ஏறி வந்தார். தன் காப்பித் தோட்டத்தை எந்த ஆளுங்கட்சிக்காரன் வளைத்துக்கொண்டான் என்று அவர் கேமரா முன்னால் ஒரு மணி நேரம் பேசியிருந்தார். படத்தில் அவர் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. "இந்த மௌன மனிதர்கள்..." என்று பின்னணியில் வேறு யாரோ உருகினார். பிறகு திரையில் வெகுநேரம் மலைமேல் மேகம் நகர்ந்தது.

படம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னுவேல் எழுந்தார்.

"ஏனுங்க டைரக்டரு, நான் சொன்ன பேரு எங்கீங்க?"

"படம் நீளமாயிடும்னு வெட்ட வேண்டியதாப் போச்சுங்க, ஐயா."

"மேகத்துக்கு மட்டும் எடம் இருந்துச்சுங்களா? அதை எங்கூட்டு வாசல்லயே தெனமும் பாக்கறனுங்க. இதுக்குப் போயி ரெண்டு கட்சியும் அடிச்சுக்கிட்டாங்களாக்கும்!"

இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொன்னுவேல் அவரைச் சட்டை செய்யாமல் கூட்டத்தின் பக்கம் திரும்பி, வளைத்தவன் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னார். முன்வரிசையில் எதிர்க்கட்சிச் செயலாளரின் முகம் வெளிறியது. தோட்டத்தை வளைத்தவன் போன மாதம்தான் செயலாளரின் கட்சிக்கு மாறியிருந்தான்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.