இடதுபக்கக் கதவு

காரின் பின் சீட்டுக்கு அடியில் லிசா இருமல் மருந்தை ஊற்றியபோது, காரின் சொந்தக்காரர் ரவிக்குமார் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"பேடா மேடம், வேண்டாம், எறும்பு வந்துடும். ஞாயித்துக்கிழமை இதுல கல்யாணப் பொண்ணு உக்காரணும்."

"ரெண்டே மூடிதாங்க. அப்புறம் நானே கழுவிக் குடுத்துடறேன்."

ரவிக்குமார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளைக்குக் காதுகுத்தும்போது தகப்பன் முகம் அப்படித்தான் இருக்கும்.

லிசா பெங்களூரில் நர்ஸ். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே "வலிக்கவே வலிக்காது" என்று கூசாமல் சொல்லக்கூடியவள். ஆனால் சொந்த அப்பாவிடம் அவளுடைய பொய் ஒன்றுகூட இதுவரை விலைபோனதில்லை. அப்பா மதலைமுத்து, மைசூர் அசோகா ரோட்டில் காலமெல்லாம் மருந்துக்கடை நடத்தியவர். மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தே அசலா போலியா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் இன்றைக்கு ஒரு முழுக் காரையே போலியாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தாள்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். இதயம் ஓய்ந்துவிட்டது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். அப்பா அதை வேறு யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "அப்பாடா, இனிமே கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திடலாம்" என்றார். பன்னிமண்டபத்து வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நம்ம பத்மினில ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாமா?"

பத்மினி அவருடைய முதல் கார். வெளிர்நீலப் பிரிமியர் பத்மினி. அப்பா அதில் பெங்களூரிலிருந்து மருந்துப் பெட்டிகளை ஏற்றி வருவார். பெட்டிகளுக்கு நடுவில் லிசாவும் தம்பி லாய்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை மத்தூர் பக்கம் போட்ட திடீர் பிரேக்கில் ஒரு பெட்டி இருமல் மருந்து உடைந்து சீட்டெல்லாம் ஊறிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் காருக்கு வேறு வாசனையே கிடையாது. பிறகு புதுக் கார் வந்தது, அதற்குப் பிறகு இன்னொன்றும் வந்தது. அப்பா அவற்றையெல்லாம் வண்டி என்றுதான் சொல்வார். கார் என்றால் அது பத்மினிதான்.

அதை எப்போதோ சாமராஜநகர் காண்ட்ராக்டர் ஒருவருக்கு விற்றாயிற்று. லாய்டு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தேடிப்போனான். காண்ட்ராக்டர் ஹனூர் என்று கைகாட்ட, ஹனூரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, காரை வெட்டி எடைக்குப் போட்டுட்டாங்களாம். முன் சீட்டு மட்டும் ஒரு பஞ்சர் கடை வாசல்ல கிடக்கு. ஒருத்தர் அதுல உக்காந்து டீ குடிக்கிறார். டாடிகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொன்னே, உன்னைத் தொலைச்சுடுவேன்."

அப்பா கடைசியாகக் கேட்டதற்குப் பதில், 'உங்கள் காரை வெட்டிவிட்டார்கள்' என்பதா? லிசாவால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் பத்மினி ஒன்று மைசூரிலேயே இருப்பதை லாய்டுதான் கண்டுபிடித்தான். நிறமும் அதே வெளிர்நீலம். நம்பர் பிளேட்டை மாற்ற ரவிக்குமார் ஒரேயடியாக மறுத்துவிட்டதால், அதன்மேல் சாமந்தி மாலையைத் தொங்கவிட்டார்கள். மற்றபடி எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் லிசா நம்பினாள்.

உள்ளே அம்மா டோரதி அப்பாவுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சொன்னது, "அவரை ஏமாத்தற மூஞ்சியாடி இது?" என்பதுதான். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?" என்றார் அப்பா. தினமும் கேட்பதுதான். கன்னடப் பேப்பரில் மருந்து, ஆஸ்பத்திரி என்று என்ன வந்தாலும் யாராவது அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

லிசா பேப்பரைப் புரட்டினாள். "ஒரு சர்க்கரை ஊசிக்குப் பேட்டண்ட் முடிஞ்சுடுச்சாம் டாடி. இனிமே நம்மூர்க் கம்பெனிங்களும் செய்யலாமாம். விலை நல்லா இறங்கும்னு போட்டிருக்கு."

அப்பாவின் முகம் மலர்ந்தது. "இறங்கட்டும், இறங்கட்டும். ஆனா பாரு, ஜனங்க லேசுல வாங்க மாட்டாங்க. பழைய டப்பாவே வேணும்னு நிப்பாங்க."

"நீங்கதான் அவங்களைப் பேசியே மயக்கிடுவீங்களே" என்றாள் அம்மா.

"மயக்கறது என்ன? அதே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேற, தைரியமா சாப்பிடுங்க. அவ்வளவுதான்." மூன்று தடவை மூச்சு வாங்கிக்கொண்டுதான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

லாய்டு அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். காரைக் கண்டதும் அப்பா கையால் நிறுத்தச் சொன்னார். மகன் தோளில் சாய்ந்தபடியே முகப்பிலிருந்து பின்பக்கம் வரை கண்ணால் ஒரு நடை போய்வந்தார். அவர் பார்வை மாலையில் நின்றது.

"என்னடா, எனக்குக் கல்யாணமா?"

"உங்களுக்காகத்தான் டாடி. அலங்காரம்" என்றாள் லிசா. குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

ரவிக்குமார் ஸ்டியரிங்கில் உட்கார, அப்பாவை அவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அம்மா பின்னால், அப்பாவுக்கு நேர் பின்புறம். லிசா அம்மாவுக்கு அருகில். மூடியபோது முன்கதவு ஒரே தட்டில் கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. அப்பா தலையைத் திருப்பி அந்தக் கதவைப் பார்த்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னும் அந்த வாசனை போகலையா?"

"எங்க போகும்?" என்றாள் லிசா.

கார் கிளம்பியது. முதல் வளைவில் திரும்பும்போது அம்மா சட்டென்று கையை முன்னால் நீட்டி, அப்பாவின் பக்கத்துக் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்பா குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். மெதுவாகத் தன் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். அவர் சாய்ந்துவிடாமல் அம்மா தாங்குகிறாள் என்று லிசா நினைத்துக்கொண்டாள். பிலோமினா கோயில் கோபுரங்கள் கண்ணாடியில் வந்து போயின. அசோகா ரோட்டில் அவர்களுடைய கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய கம்பெனியின் மருந்துக்கடை இருந்தது. ரவிக்குமார் காரை அங்கே கொஞ்சம் நிறுத்தினார். லிசா கீழே குனிந்துகொண்டாள். அப்பா மட்டும் நிதானமாகப் பார்த்தார்.

"ஏசி போட்டிருக்கான். இன்சுலினுக்கு நல்லது" என்றார்.

அரண்மனையைச் சுற்றிக்கொண்டு திரும்பினார்கள். வழியெல்லாம் அப்பா அதிகம் பேசவில்லை. லாய்டு சின்ன வயதில் எந்தெந்த இடத்தில் வாந்தி எடுத்தான் என்பதை மட்டும் ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டே வந்தார். அம்மா சிரித்தாள். லிசாவும் சிரித்தாள். நால்வரும் ஒன்றாக இப்படிக் காரில் போய் எத்தனை காலமாயிற்று, லாய்டும் உள்ளே உட்கார்ந்திருக்கலாமே என்று இருந்தது. அவனோ அவசரத்துக்கு வேண்டியிருக்கும் என்று தன் வண்டியில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

வீட்டில் படுக்க வைத்தபோது அப்பாவின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று லிசாவுக்குத் தெரியும். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவளின் காதருகே அப்பா பேசினார்.

"கதவு ஒரே தட்டுல சாத்திடுச்சு."

லிசா தலையணையைத் தட்டிச் சரிசெய்வதிலேயே மும்முரமானாள்.

"நம்ம கார்ல அது சாத்தவே சாத்தாது. வளைவுல தானாத் திறந்துக்கும். உங்கம்மா வருஷக்கணக்கா அதைப் புடிச்சுட்டேதான் வந்தா. அடுத்த வாரம் ரிப்பேர் பண்றேன், அடுத்த வாரம் பண்றேன்னு..." அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சுப் போதவில்லை.

"டாடி, அது வந்து..."

"உஷ். அதே மருந்துதான். கம்பெனிதான் வேற." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நல்லா வேலை செஞ்சுது."

லிசாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பிடிபட்டுவிட்டோம் என்பதில் அவளுக்கு இத்தனை நிம்மதி இதற்கு முன் இருந்ததே இல்லை. அடுப்படிக்குப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவு விஷயத்தை ஏன் மம்மி முதல்லயே சொல்லல?"

"கதவா?" அம்மா கஞ்சியைக் கிளறுவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "அது ரிப்பேர்ங்கறதே மறந்து போச்சுடி. கார்ல போறதுன்னா அப்படிப் புடிச்சுட்டுப் போறதுதான்னு இருந்துட்டேன்."

கஞ்சி ஆறுவதற்குள் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. அதை மாற்றவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மறுநாள் அடக்கப் பூசை முடிந்து கோயிலுக்கு வெளியே வந்தபோது, யாரும் சொல்லாமலே ரவிக்குமார் பத்மினியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அதே மாலை வாடிப்போய் நம்பர் பிளேட்டில் தொங்கியது. லாய்டு தன் வண்டியின் கதவைத் திறந்து, "மம்மி, வெயில் ஜாஸ்தியா இருக்கு, ஏசில வாங்க" என்றான். அம்மா அவனைத் தாண்டிப் போய் பத்மினியின் முன் சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்தாள். லிசா பின்னால் ஏறிக்கொண்டாள். சீட்டுக்கு அடியில் எறும்புகள் சாரி சாரியாக வந்துவிட்டிருந்தன. ரவிக்குமாரும் அதைப் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பினார்.

சவ வண்டி முன்னால் நகர்ந்தது. கார் அதன் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் சாய்ந்தபோது, அம்மா கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, லாக் சரியாயிருக்கு. திறக்காது" என்றார் ரவிக்குமார்.

"இருக்கட்டும்பா."

வளைவு முடிந்து சாலை நேரானது. அம்மா கையை எடுக்கவில்லை.