முந்திப் போனவர்கள்

எங்கள் நகரத்தில் போனில் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டால் வந்தாகிவிட்டது என்று அர்த்தம். உடம்பு பிறகு வந்து சேர்ந்தால் போதும். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு நாட்டிலேயே வேகமான ஊர் என்று எங்களுக்குப் பேர். எத்தனையோ பேர் பல் தேய்த்துக்கொண்டே ஆபீஸுக்கு வந்துவிடுகிறார்கள். பெருமைதான், போங்கள்.

இந்தப் பெருமையில்தான் என் மகளை விட்டேன்.

தத்து எடுக்க மனுக் கொடுத்துவிட்டு நானும் என் வீட்டுக்காரர் தணிகாசலமும் நாலு வருஷம் காத்திருந்தோம். வீட்டுக்கு வந்து கக்கூஸ் வரைக்கும் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் குயிலி என்ற நாலு வயதுப் பெண்ணை எங்களுக்கென்று எழுதினார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழந்தைகள் இல்லத்துக்கு வந்து அழைத்துப்போகச் சொன்னார்கள்.

பத்து மணிக்கு எங்கள் ஆட்டோ மேம்பாலத்துக்குக் கீழே நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். டிரைவர் இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு வந்தார். இல்லத்திலிருந்து போன், எங்கே இருக்கிறீர்கள் என்று. நான் பிடுங்குவதற்குள் இந்த மனுஷன், பழக்கதோஷம், "இதோ வந்துட்டோம் மேடம்" என்று சொல்லிவிட்டார். தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். சொன்னது சொன்னதுதான்.

பதினொன்றே முக்காலுக்குப் போய் நின்றோம். கண்காணிப்பாளர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பத்து மணிக்கே வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டோமாம்.

"யாருகிட்ட குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"உங்ககிட்டதாம்மா. குழந்தை பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு நடந்துபோச்சு. 'அம்மா, மெதுவா நடங்க'ன்னு சொல்லிக்கிட்டே போச்சு."

முந்திப் போனவளும் நான்தானே, குழந்தைக்குக் கால் வலிக்கும் என்று தெரியாதா அவளுக்கு? அப்படி என்ன தலைபோகிற அவசரம்?

வீட்டுக்கு விரட்டினோம். முந்திப் போனவர்களுக்குச் சிக்னல் கிடையாது, வரிசை கிடையாது, உட்கார்ந்து மூச்சு விட நேரமும் கிடையாது. அவர்களிடம் வளர்கிற பிள்ளையும் அந்த வேகத்தில்தான் வளரும். எதிர்வீட்டு ஷகிலா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். நாங்கள் இரண்டாவது சிக்னலில் நின்றபோது குயிலி எல்.கே.ஜி.யில் சேர்ந்திருக்கிறாள். நாலாவது சிக்னலில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். "அவளுக்கு அம்மை போட்டப்பகூட நீங்க லீவு போடலையே அக்கா" என்று ஷகிலா என்னைக் குற்றம் சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் யாரும் இல்லை. நிலைக்கதவுக்குப் பக்கத்தில் பென்சிலால் உயரம் குறித்த கோடுகள் இருந்தன. கடைசிக் கோடு என் நெற்றிக்கு மேலே. அதில் ஒன்றையாவது என் கையால் போட்டிருக்கக்கூடாதா? தணிகாசலத்தின் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். அவர் அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மணிக்கு மறுபடியும் இல்லத்திலிருந்து போன். இந்தத் தடவை நான் எடுத்தேன். குயிலி அங்கே வந்திருந்தாளாம். இருபத்தாறு வயது, நல்ல வேலை. ஓர் அப்பா அம்மாவைத் தத்து எடுக்க மனுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஒரே ஒரு நிபந்தனைதான் எழுதியிருக்கா," என்றார் கண்காணிப்பாளர். "கூட உக்காந்து சாப்பிடறவங்களா வேணுமாம்."

நாங்கள் சாப்பிடுவோம் என்று சொன்னேன். அப்படியானால் இல்லத்தில் வந்து சேர்ந்துவிடுங்கள், ஆளுக்கு ஒரு தட்டும் போர்வையும் கொண்டுவாருங்கள் என்றார்.

சேர்ந்துவிட்டோம். குயிலியின் மனு இன்னும் வரிசையில் இருக்கிறது. கட்டில்கள் சின்னவை, காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். பார்க்க ஆட்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவருக்கும் தலை வாரி, பவுடர் போட்டு, முன்வரிசையில் உட்காரவைக்கிறார்கள்.