நாலு நட்டு

எங்கள் மணல்திட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு வீடு கட்டத் தெரிகிறதோ இல்லையோ, கழற்றத் தெரியும். பிரம்மபுத்திரா கரையைத் தின்னத் தொடங்கினால் யாரிடமும் தவணை கேட்பதில்லை. அதனால் எங்கள் வீட்டில் எதையும் நிரந்தரமாக அறைந்து வைப்பது கிடையாது. சுவர் என்றால் சணல் குச்சித் தட்டி. கூரை என்றால் தகரம். நாலு மூலையிலும் கூரையிலிருந்து ஒரு கம்பி இறங்கி, மண்ணில் புதைத்த இரும்பில் போல்ட்டும் நட்டுமாக மாட்டியிருக்கும். காற்றடிக்கும்போது கூரையைப் பிடித்து வைப்பது அந்த நாலு கம்பிதான். வீடு மாற்றுகிற நாளில் பெரியவர்கள் ஸ்பேனர் போட்டு இளக்கிவிட்டால், நட்டைச் சுற்றிச் சுற்றிக் கழற்றிச் சேர்ப்பது குழந்தைகள் வேலை. சிக்கிக்கொள்ளாமல் இருக்க அதில் எப்போதும் எண்ணெய் தடவி வைத்திருப்போம்.

இந்தத் தடவை வீட்டை நிறுத்திவிட்டு, என் வீட்டுக்காரர் மைனுல் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நட்டையெல்லாம் கையாலேயே முடுக்கினார். மிச்சத்தைத் தன் தம்பியிடம் சொல்லி இறுக்கிக்கொள் என்றார். அந்தத் தம்பியிடம் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்ததுதான் மிச்சம். ஊரானுக்கு மாடி மேல் மாடி கட்டப் போன என் வீட்டுக்காரருக்குத் தன் வீட்டு நட்டை இறுக்க நேரமில்லை.

அப்போது நான் பிள்ளை பெற்று வீட்டுக்குள் கிடந்தேன். நாற்பது நாள் முடியாமல் வாசல் தாண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். ஓரகத்தி ரொகேயா காலையிலும் மாலையிலும் சோறு கொண்டுவந்து வைப்பாள். நான் வாசலை எட்டிப் பார்த்துவிட்டேனா என்று உளவும் பார்த்துவிட்டுப் போவாள். மூத்தவள் ஜரினாவுக்கு ஐந்து வயது. நிலக்கடலை வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அங்கன்வாடிக்கு அவளே போய் அவளே வருவாள்.

அங்கன்வாடிக்கு ஒரு புது டீச்சர், பினிதா என்று, படகில் வந்துபோவார். பிள்ளைகள் பைதேவு என்று கூப்பிடும். அக்கா என்று அர்த்தம். நல்ல பெண்தான், சிடுசிடுப்பு இல்லாதவர். ஒருநாள் வீடு எதனால் கட்டுகிறார்கள் என்று பாடம் நடத்தி, செங்கல், சிமெண்டு, மணல், கம்பி என்று படம் காட்டியிருக்கிறார். இந்தக் கல்லு வீட்டை எப்படிப் படகில் ஏற்றுவார்கள் என்று என் மகள் கேட்டாளாம். டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லையாம். சரி, உங்கள் வீடு எதனால் கட்டியது என்று நாளைக்கு ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் மதியம் ஜரினா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். புறங்கையில் சிவப்புப் பேனாவால் நட்சத்திரம் வரைந்திருந்தது. மற்ற பிள்ளைகள் எல்லாம் மண்ணும் குச்சியும் கொண்டுவந்தார்களாம். யாருக்கும் நட்சத்திரம் கிடைக்கவில்லையாம். கொண்டுவந்ததையெல்லாம் டீச்சர் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டிவைத்தாராம். குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே, நீ என்ன கொண்டுபோனாய் என்று கேட்டேன்.

"நட்டு."

"உதிரி நட்டு போட்டு வச்சிருக்கிற டப்பாவுலேருந்தா?"

"இல்லம்மா, வீட்டுலேருந்து. வீட்டுலேருந்துதானே கொண்டாரச் சொன்னாங்க."

எனக்கு உடனே உறைக்கவில்லை. "வீட்டுல எங்கேருந்து?"

"மூலையிலேருந்து. ஒன்னை மட்டும் கழட்டினா கூரை கோணிக்கும்னு அப்பா சொல்வார்ல? அதான் நாலையும் கழட்டிட்டேன்."

வீடு பிரிக்கும்போது அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது. அதை எவ்வளவு சரியாக நினைவு வைத்திருக்கிறாள் பாருங்கள். இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு வாசலுக்கு வெளியே வடமேற்குப் பக்கம் வானம் கறுத்திருந்தது. சித்திரை மாதத்துக் கறுப்பு. போன வருஷம் இதே மாதத்தில் பக்கத்துத் திட்டிலிருந்து ஒரு தகரம் பறந்து வந்து, மேய்ந்துகொண்டிருந்த பசுவின் கழுத்தை அறுத்துப் போட்டது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

நாற்பது நாளாவது ஒன்றாவது. குழந்தையைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். நாலு மூலையிலும் கம்பி அவிழ்ந்து தொங்கியது. போல்ட்டுகள் மண்ணில் கிடந்தன. டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். இருந்த நட்டு எல்லாம் சின்னது, ஒன்றும் சேரவில்லை. ரொகேயாவைக் கூப்பிட்டேன். அவள் வீடு தூரம். காற்று என் குரலை என் வாயிலேயே திருப்பி அடைத்தது. புடவையைக் கிழித்துக் கம்பியை இரும்போடு சேர்த்துக் கட்டினேன். இரண்டு தடவை அவிழ்ந்து, மூன்றாவது தடவைதான் முடிச்சு விழுந்தது. ஜரினா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, வீடு போயிருமா?"

அடுத்த மூலைக்கு ஓடி அங்கே ஒரு முடிச்சுப் போட்டேன். திரும்பியபோது அவளைக் காணவில்லை. உள்ளே தம்பிப் பாப்பாவிடம் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது மூலையில் இருக்கும்போது புயலே வந்துவிட்டது. மணலை வாரி முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டியைத் தடவித் தடவி உள்ளே போனேன். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். தூக்கி மாரோடு சேர்த்துக்கொண்டு ஜரினாவைக் கூப்பிட்டேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். நெல் குதிருக்குப் பின்னால் பார்த்தேன். அவள் இல்லை.

அவள் எங்கே போயிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. நட்டைத் திருப்பிக் கொண்டுவரப் போயிருக்கிறாள்.

தலைக்கு மேலே தகரம் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு பக்கம் கை அகலம் எழும்பி, வெளிச்சம் தெரிந்து, மறுபடி உட்கார்ந்தது. நான் கட்டிலுக்கு அடியில் புகுந்து குழந்தையின் மேல் கவிழ்ந்து படுத்தேன். புடவை முடிச்சு ஒன்று பட்டென்று அறுந்தது. அப்புறம் இன்னொன்று. அல்லா, என் வீட்டை எடுத்துக்கொள், அந்தப் பிள்ளையை விட்டுவிடு என்று வாய்விட்டுக் கத்தினேன். கூரை கிறீச்சிட்டுக்கொண்டு தூண்களை விட்டு எழுந்தது. கட்டிலின் பலகை இடுக்கில் வானம் தெரிந்தது. பானை, பாய், அடுப்புச் சாம்பல் எல்லாம் மேலே கிளம்பின. தட்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

கூரை எந்தப் பக்கம் போனது என்று பார்த்தேன். அங்கன்வாடிப் பக்கம் போனது.

அதற்கப்புறம் கட்டிலுக்கு அடியில் கிடக்க என்னால் முடியவில்லை. குழந்தையைத் துணியால் மாரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஆலங்கட்டி மழை தொடங்கியிருந்தது. என் இரண்டு கையையும் அவன் தலைக்கு மேல் கூரையாகப் பிடித்துக்கொண்டு குனிந்து ஓடினேன். நடந்தால் கொஞ்ச தூரம்தான் அந்த வயல். அன்றைக்கு அது முடியவே இல்லை. நடுவில் எங்கள் தகரம் ஒன்று கடலைச் செடியில் குத்திட்டு நின்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் போய்ப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை. போனேன். செடிகள்தான் நசுங்கிக் கிடந்தன.

இன்னும் கொஞ்சம் தள்ளி, பாத்தி வரப்பை ஒட்டி, ஏதோ துணி மூட்டை கிடப்பது தெரிந்தது. அது என் மகள். குப்புறப் படுத்து வரப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முதுகெல்லாம் மணல் மூடியிருந்தது. புரட்டினேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் பேசவில்லை. எத்தனை உலுக்கியும் பேசவில்லை. கன்னம் உப்பியிருந்தது. வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

விரலை விட்டு வாயைத் திறந்தேன். ஒரு நட்டு என் உள்ளங்கையில் விழுந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் ஒன்று. வரப்பைப் பிடிக்கக் கை வேண்டுமே, அதனால் வாயில் அடக்கியிருக்கிறாள். மூன்றுதான் வந்தது. நாலாவது தொண்டையில் இறங்கிவிட்டதோ என்று பதறி, அவளைத் தலைகீழாகக் கவிழ்த்து முதுகில் அறைந்தேன். இருமினாள், வாந்தி எடுத்தாள், ஓவென்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நாலாவது எங்கடி? முழுங்கிட்டியா?"

"இல்லம்மா. பைதேவு அதை ரொம்ப மேல ஒட்டிட்டாங்க. எகிறி எகிறிப் பாத்தேன். எட்டல."

ஆலங்கட்டி நின்று மழை மட்டும் பெய்தது. மாரில் கட்டியிருந்த குழந்தை விக்கி விக்கி ஓய்ந்துகொண்டிருந்தான். ஜரினா என் உள்ளங்கையில் இருந்த நட்டுகளைப் பார்த்தாள். எங்கள் வீடு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து தூண்கள் மட்டும் தெரிந்தன.

"மூணு போதுமாம்மா?" என்று கேட்டாள்.

அவள் திரும்பிவிடாதபடி தலையை என் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"போதும்மா," என்றேன். "போதும்."